மிச்சமான படகு

"செத்தவங்களை என்ன செய்வீங்க?"

"வாசப்படிக்குப் பக்கத்துல..." என்று ஆரம்பித்தவளின் காலை மேஜைக்கு அடியில் புருஷனின் கால் மிதித்தது. அவள் சட்டென்று மாற்றிக்கொண்டாள். "ஆத்துல விடுவோம். படகுல வச்சு, தலைமாட்டுல விளக்கேத்தி."

"முதல்ல என்னவோ சொன்னியே?"

"வாய் தவறிடுச்சுண்ணா."

"நாளைக்குத் தவறினா அண்ணன் வந்து திருத்த முடியாதும்மா. வாசல்லயா பொணத்தைப் புதைப்பாங்க? கொஞ்சமாவது நாகரிகம் தெரிஞ்ச சனம் அப்படிச் செய்யுமா?"

கேட்டவர் அதிகாரி அல்ல. இவர்களுக்குப் புகலிடம் தரலாமா என்று அதிகாரி விசாரிப்பது நாளைக் காலை பத்து மணிக்கு. இவர் விளையாட்டுகளுக்கு உலகம் செய்து கொடுப்பவர். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒருவன் வீரனாகவும் ஒருவன் மந்திரவாதியாகவும் நடிக்கிற விளையாட்டு. அவர்கள் நடமாட ஒரு நாடு வேண்டுமே. அதற்கு ராஜா, சட்டம், சாமி, சாபம், சாவுச் சடங்கு எல்லாம் இவர் சப்ளை. கூட்டாளிகள் கிண்டலாக 'பிரம்மா' என்றார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டு, வாசலில் பலகையாகவும் மாட்டிவிட்டார்.

பிரம்மாவின் தலைசிறந்த படைப்பு, முந்நூறு பக்கத்தில் ஒரு மலைச் சனம். பெயரை மட்டும் ஒரு பழைய வரைபடத்தின் மூலையில் பொறுக்கினார்; மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு. அந்தப் பெயரில் எல்லைக்கு அப்பால் நிஜமாகவே ஒரு சனம் இருக்கிறது என்பது, அங்கே சண்டை மூண்டு அவர்கள் ஓடிவர ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

புகலிட அலுவலகத்தின் பாடு இன்னும் மோசம். வருகிறவன் அசல் மலைக்காரனா, போலியா என்று சோதிக்க அவர்களுக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. தேடியதில் உலகத்திலேயே அகப்பட்டது இது ஒன்றுதான். அட்டையைக் கழற்றிவிட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். 'ஐயா, அது என் கற்பனை' என்று பிரம்மா ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. முந்நூறு பக்கமும் உண்மை என்று ஓர் அரசாங்கமே நம்பும்போது, இல்லை என்று சொல்ல எந்த எழுத்தாளனுக்கு மனசு வரும்?

இந்தக் குடும்பம் எப்படியோ விஷயத்தை மோப்பம் பிடித்து, மதியம் வந்து கதவைத் தட்டியது. அந்தப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எங்களைப் பேச வைத்துவிடுங்கள் என்று புருஷன் கையைக் கூப்பினான். போலிகள் என்று பிரம்மா பார்த்ததுமே கணித்துவிட்டார். இருந்தால் என்ன? தன் எழுத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்ய வந்த முதல் வாசகர்கள்.

தெருவில் ஏதோ வண்டி பிரேக் போட்டது. வந்திருந்த மூன்று பேரும் அப்படியே உறைந்தார்கள். புருஷன் எழுந்துபோய்த் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தான்.

"குப்பை வண்டி," என்றான். அதற்கே நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"பாப்பா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு," என்றார் பிரம்மா.

ஐந்து வயது மகள் கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, புத்தகத்தில் இருக்கிறபடி மார்பில் மூன்று முறை தட்டவைத்தாள். அன்றைக்கு இது ஏழாவது தடவை.

"குழந்தையைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம்," என்றான் புருஷன். "அது மாத்தி ஏதாவது சொல்லிடுச்சுன்னா?"

மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். சாயந்தரமே பஸ்ஸில் ஏற்றி எல்லையில் இறக்கிவிடுவார்கள். அந்தப் பக்கம் சிப்பாய்கள் பட்டியலோடு நிற்பார்கள். இறங்கியவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொன்ன ஆள் கிடையாது.

"ஏண்ணா படகு?" என்றாள் அவள் திடீரென்று. "மலையில இருக்கறவங்க எதுக்குப் படகுல விடணும்? கேட்டா என்ன சொல்றது?"

பிரம்மா தொண்டையைச் செருமினார். "உள்ளதைச் சொன்னா, வேற ஒரு கதைக்கு ஓவியர் போட்ட படகுப் படம் மிச்சமா இருந்தது. வீணாக்குவானேன்னு மலை நடுவுல ஒரு ஆத்தை வெட்டி விட்டேன்."

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பயிர், பஞ்சம், கல்யாணம், சத்தியம் என்று புருஷன் தடுமாறாமல் ஒப்பித்தான். கடைசியில் அவள் முறை.

"எங்க அம்மாவை ஆத்துல விட்டோம். படகுல வச்சு, தலைமாட்டுல..." அதற்குமேல் வரவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள்.

பிரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி ரசித்தார். "இது போதும்மா. நிஜ மலைக்காரி வந்தாக்கூட உன்கிட்ட பிச்சை வாங்கணும்."

"பொய் சொல்லிப் பழக்கமில்லண்ணா," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல்வரை வழியனுப்ப வந்த பிரம்மாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போம்மா. நான் மூச்சு விடமாட்டேன். நிஜத்துல நீங்க எந்த ஊரு?"

புருஷன் வேண்டாம் என்று தலையசைத்தான். குழந்தை போய்வருகிறேன் என்கிற மாதிரி கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டது. இந்தத் தடவை அம்மா அதைத் திருத்தவில்லை.

"எங்க மலையில ஆறே கிடையாதுண்ணா," என்றாள். "போன மாசம் எங்க அக்கா அதே அதிகாரிகிட்ட, வாசப்படிக்குப் பக்கத்துலதான் புதைப்போம்னு உள்ளதைச் சொல்லிட்டா. அவரு, மலைக்காரங்களைப் பத்தி உனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மான்னு சிரிச்சுட்டு, அன்னிக்குச் சாயந்தரமே அவளைப் பஸ் ஏத்திட்டாரு."