ஆளில்லாத வாக்கியம்

எங்கள் ஆலை நிர்வாகத்தார் முதலில் கேன்டீன் மின்விசிறியைக் கழற்றினார்கள். அடுத்து, மெஷின்களுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூல்களைத் தூக்கினார்கள். அதற்கடுத்து, விபத்து அறிக்கையை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றார்கள். அறிக்கையில் முதலில் எவன் பெயர் வருகிறதோ அவனே பொறுப்பு, வாயால் சொல்வது செல்லாது. இது மேனேஜர் போட்ட சட்டம். 'நான் வால்வைத் திறந்தேன்' என்று தெரிந்த இங்கிலீஷில் நேர்மையாக எழுதிக் கையெழுத்தும் போட்ட பாய்லர்காரரை, அந்த ஒரு வரியை வைத்தே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கடைசியாக, எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சரை அனுப்பினார்கள்.

"கம்பெனி சம்பளம் வாங்குற அம்மா. ஜாக்கிரதை" என்றார் சங்கச் செயலாளர்.

ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு.

"'நான்', 'நீ', 'அவர்' எதுவும் வேண்டாம்" என்றார் டீச்சர். "செய்யற வேலையையே எழுவாயா வெச்சு எழுதுங்க. முன்னால 'டு' போடுங்க, இல்ல பின்னால 'இங்' சேருங்க. டு ரன் இஸ் குட். ரன்னிங் இஸ் குட். ஓடறது நல்லது, அவ்வளவுதான். ஓடறது யாருன்னு நமக்கு எதுக்கு?"

"ஸ்லீப்பிங் இஸ் செயலாளர்ஸ் ஒர்க்!" என்றார் ஃபிட்டர். கையில் எப்போதும் ஸ்பானர் இருக்கும். அதனால் அவர் பெயரே ஸ்பானர்.

"வாக்கியம் சரி. ஆள் பேர் வேண்டாம்னு சொன்னேன்ல?"

சிரிப்பு அடங்குவதற்குள் செயலாளர் எழுந்துவிட்டார்.

"என்னய்யா சிரிப்பு? உழைப்பு இருக்கு, உழைக்கிறவன் எங்கே? நம்மளைத் தூக்கிப் போட்டுட்டு நம்ம வேலையை மட்டும் வெச்சுக்கறதுதானே முதலாளி புத்தி? இப்போ அதை இலக்கணமாவே சொல்லித் தராங்க!"

கேன்டீன் அதிரக் கைதட்டல். டீச்சரும் தட்டினார்.

"நல்லாப் பேசினீங்க. இதையே 'டு' போட்டு நாலு வரி எழுதிக் காட்டுங்க."

அடுத்த வாரம் சாயப் பிரிவில் நீராவிக் குழாய் சீறியது. மாற்றச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் மாற்றாத பழைய வாஷர் பிய்ந்துவிட்டது. ஸ்பானர் ஓடிப்போய் வால்வைத் திறந்து நீராவியை வெளியே விட்டார். ஒருவருக்கும் காயமில்லை. ஒரு தொட்டிச் சாயம் மட்டும் பாழ்.

"தைரியமா எழுது" என்றார் செயலாளர். "'நான்தான் திறந்தேன், இல்லன்னா கூரையே பறந்திருக்கும்'னு எழுது."

"எழுதினா நான் பறந்துடுவேன் அண்ணே. பாய்லர்காரர் கதி உங்களுக்குத் தெரியாதா? என் பொண்ணுங்க ரெண்டும் ஸ்கூல் போகுது."

ஸ்பானர், டீச்சர் சொல்லித்தந்தபடியே எழுதி, அடியில் 'இரண்டாம் ஷிஃப்ட்' என்று முடித்தார்.

"அந்தம்மா உன்னைக் கோழையாக்கிட்டாங்க" என்று செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசாரணை முடிந்த கையோடு கொடுக்க, வகுப்பை மூடச் சொல்லும் ஒரு தீர்மானத்தையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணைக்குத் தலைமை அலுவலக அதிகாரி வந்தார். இரண்டு சாட்சிகள் முன்னால் அறிக்கையை உரக்கப் படிக்க வேண்டும். ஒரு சாட்சி செயலாளர். இன்னொரு சாட்சி டீச்சர்.

"ஓப்பனிங் த வால்வ் சேவ்டு த பில்டிங்" என்று படித்தார் அதிகாரி. வால்வைத் திறந்தது கட்டடத்தைக் காப்பாற்றியதாம். அடுத்த வரி, பழைய வாஷரை மாற்றாதது விபத்துக்குக் காரணம் என்றது.

அதிகாரி நிமிர்ந்தார். "சரி, திறந்தது யாரு?"

"இந்த ஸ்பானர் பயதான் சார்! ஊருக்கே தெரியும்!" மேனேஜர் துள்ளினார்.

"அறிக்கையில முதல்ல வர்ற பேர்தான் பொறுப்பு, வாயால சொல்றது செல்லாது சார். நீங்க போட்ட சட்டமாச்சே" என்றார் டீச்சர், ரொம்ப மரியாதையாக.

செயலாளர் திரும்பி டீச்சரைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்த் தீர்மானத்தைக் கசக்கியது.

"இதுக்குத்தானா டீச்சர்? எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்று கிசுகிசுத்தார்.

"சொல்லியிருந்தா நீங்க மைக் வெச்சுல்ல சொல்லியிருப்பீங்க?"

அதிகாரி தாளைத் திருப்பினார். "ஒரு பேர்கூடவா இல்ல? இருங்க, பின்பக்கம் இருக்கு. 'படித்தேன், எல்லாம் உண்மை'ன்னு எழுதிப் பேரும் போட்டிருக்கு."

மேனேஜர் தாளை வாங்கக் கையை நீட்டினார். தொழிலாளி எழுதும் இங்கிலீஷை என்ன படிப்பது என்று, வருகிற அறிக்கையிலெல்லாம் கண்ணை ஓட்டாமலே அந்த வரியை எழுதிப் பெயர் போட்டு அனுப்புவது அவர் வழக்கம்.

"செயலாளர் சார், நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் டீச்சர். "இந்த இடத்துல மட்டும் ஆள் பேர் வேணும்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிகள் இருவரும் கேட்க, அறிக்கையில் இருந்த ஒரே பெயரை உரக்கப் படித்தார்: மேனேஜருடையது.