ஜாக்கெட் அளவு

“ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க இவ்ளோ நேரமா அக்கா? பீன்யா ஃபேக்டரிக்குப் போகணும், ஷிப்ட்டுக்கு லேட்டாகுது!” வாசலில் பைக்கை உறுமவிட்டான் இளங்கோவன்.

தையல் மெஷினை மிதித்தபடியே சிரித்தாள் சந்திரம்மா. ஜோகுபாளையத்தில் அவள் துணி தைக்காத வீடில்லை. “அவசரமா அளவெடுத்தா கை டைட்டாயிடும்ப்பா. அப்புறம் உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா.”

“நீங்க இங்க இருக்கீங்க. உள்ள யாரு அளவெடுக்கறது?”

“புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. கைராசிக்காரி.”

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள் வீணா. சந்திரம்மாவிடம் கண்ணாலேயே நன்றி சொல்லிவிட்டுக் கணவனின் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

பைக் தெருமுனையைத் தாண்டியதும் சந்திரம்மா திரைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே டாக்டர் நிருபமா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“மார்பகப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில இலவச கேம்ப் போட்டப்ப இந்தத் தெருவுல இருந்து ஒருத்தர்கூட வரலை. இன்னிக்கு உங்க கடைக்கு வந்துட்டே இருக்காங்க! காலையில ஒருத்தருக்குக் கட்டி இருந்தது. நல்லவேளை, சின்னதா இருக்கும்போதே பிடிச்சுட்டோம். எப்படி வரவெச்சீங்க?”

“ஆஸ்பத்திரின்னா வீட்டுல ஆயிரம் கேள்வி கேப்பாங்க டாக்டரம்மா” என்றாள் சந்திரம்மா. “ஜாக்கெட்டுன்னா, ‘இவ்ளோ நேரமா’ங்கற ஒரே கேள்விதான்!”