பாஸ்போர்ட் நகல்

"வருஷத்துல நூத்தி எண்பத்து மூணு நாள் இங்க இருந்தாப் போதும் தம்பி. வரிக்கு இந்த நாட்டுக்காரர் ஆயிடுவீங்க. அதுக்கு இந்த அரசாங்கம் தர்ற சர்டிஃபிகேட்டைக் காட்டினா இந்தச் சம்பளத்துக்கு ஊர்ல வரி கிடையாது," என்றார் கணக்காளர்.

"நடுவுல ஊருக்குப் போனா?" என்று கேட்டார் புதிதாகச் சேர்ந்த வெல்டர்.

"அந்த நாளெல்லாம் கழிஞ்சுடும். நான் பதினோரு வருஷமா ஊர்ப்பக்கமே போகல."

"அவ்வளவு கண்டிப்பா இருக்கணுமாண்ணே?"

கணக்காளர் கையை நீட்டினார். "பாஸ்போர்ட்டைக் குடுங்க. நகல் எடுத்துட்டு நாளைக்குத் தரேன்."

வெல்டர் நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கணக்காளர் அதை நேராக முதலாளி அறைக்குக் கொண்டுபோனார். முதலாளி அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"இவரோட இருபது பேர் ஆச்சுங்க. இருபது சேர்ந்தா என் பாஸ்போர்ட்டைத் தரேன்னு சொன்னீங்க," என்றார் கணக்காளர்.

"முப்பது ஆகட்டும்," என்றார் முதலாளி.