மாமனாரின் துப்பாக்கி

லூசியானா சதுப்பில் வாத்து வேட்டை தொடங்கியதும், செத்துப்போன மாமனாரின் துப்பாக்கியோடு கிளம்பினான் கிளோவிஸ். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். ஆனால் அன்றாடம் பிரித்துக் கரி துடைக்காவிட்டால் நடுவில் மக்கர் செய்யும். துடைப்பதுதான் கிளோவிஸுக்கு ஆகாது. வேட்டை முடிந்து வந்ததும் சேறும் கரியுமாக மூலையில் சாத்திவிட்டுத் தூங்கினான்.

காலையில் அது எண்ணெய் வாசத்தோடு பளபளவென்று நின்றது. மறுநாளும் அப்படியே.

"நீயா துடைச்ச?"

"எனக்கு வேற வேலையில்லையா? எங்கப்பா துப்பாக்கி, அவரே பார்த்துக்குவாரு," என்றாள் மனைவி ஓதெட், வாத்துக் குழம்பைக் கிண்டியபடி.

கிளோவிஸுக்குப் பயம் வரவில்லை, யோசனைதான் வந்தது. அன்று தன் சொந்தத் துப்பாக்கியையும் சேற்றோடு பக்கத்தில் சாத்தினான்.

"ஓசின்னா விடமாட்டியே! அப்பாவுக்குச் சோம்பேறிங்களக் கண்டாலே ஆகாதுய்யா."

"செத்தப்புறமும் கோவிச்சுக்குவாரா?"

ஓதெட் சிரித்துக்கொண்டே தங்கை வீட்டுக்குப் போனாள். இரவு அங்கேயே தங்கிவிட்டாள்.

விடிந்தபோது கிளோவிஸுக்குக் கழுத்து வலித்தது. மாமனாரின் துப்பாக்கி மினுங்கியது. அவனுடையதைக் காணோம். தேடிப்போனால், கொல்லையில் நாய்க் கூண்டுக்குள், காய்ந்த சேற்றோடு அப்படியே கிடந்தது. பக்கத்தில் புது வைக்கோல் பரப்பி, அதன்மேல் அவன் தலையணை வைக்கப்பட்டிருந்தது.

நாய் ஓரமாக ஒடுங்கி அவனுக்கு இடம் விட்டிருந்தது.