துண்டுக்கடியில் ஐந்து விரல்

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். வலது கைமேல் போட்டுக்கொண்டார்.

பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் தன் கையை உள்ளே விட்டாள்.

மாட்டுச் சந்தை வாயை மூடிக்கொண்டது. மாடுகள் மட்டும் கத்தின.

காலையிலிருந்து மூன்று பேர் தரகர் பொன்னரிடம் போய்த் தோற்றிருந்தார்கள். மருத்துவக் கல்லூரியின் பெரிய டாக்டர் உட்பட. "அஞ்சே அஞ்சு மில்லி ரத்தம், ஐயா" என்று ஊர் கேட்க விலையைச் சொன்னால் யார் படிவார்? அறுபது வருஷமாகத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசி மாடு கைமாற்றியவர் அவர்.

வயது ஏற ஏற ரத்தத்தில் ஒரு நோய் எதிர்ப்புப் புரதம் கூடுகிறதா, குறைகிறதா? அதைத்தான் கல்லூரியில் அளக்கிறார்கள். பச்சைக்குழந்தை தொடங்கி எண்பது தாண்டியவர் வரை, ஒவ்வொரு வயது வரிசைக்கும் இருபது பேர்.

எண்பது தாண்டியவர்கள் பத்தொன்பதில் நிற்கிறார்கள். இன்று கடைசி நாள். ஒருவர் குறைந்தாலும் அந்த வரிசையையே அடித்துவிடுவார்கள். அது ஆராய்ச்சி மாணவியான அவளுடைய வரிசை. எட்டு மாத அலைச்சல்.

பொன்னருக்கு எண்பத்து நான்கு.

அவள் அப்பா மஞ்சள் மண்டிக்காரர்; அங்கேயும் துண்டுக்கடியில்தான் பேரம். கல்லூரியில் யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை.

அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள்.

அவர் முகம் மாறவில்லை. அவளுடைய இரண்டு விரல்களைப் பிடித்தார்.

ஒரு தடவை அளக்க இரண்டரை மில்லி வேண்டும்; இரண்டு எதற்கும் ஆகாது. மூன்று இருந்தால் ஒரு தடவை அளக்கலாம். கை தவறினால் போச்சு. ஐந்து இருந்தால் இரண்டு தடவை.

மறுபடி ஐந்து.

மறுபடி இரண்டு.

அவள் கையை உருவிக்கொண்டாள். ஊசிப் பெட்டியை மூடினாள். நடந்தாள். மெதுவாக, கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குள்.

"பாப்பா, இங்க வா. கோவிச்சுக்கிட்டுப் போனா வியாபாரமா?"

துண்டுக்குள் மூன்று விரல். ஒரே அமுக்கு. முடிந்தது.

"எவ்வளவுக்குப் படிஞ்சுது தரகரே?" என்றார் டீக்கடைக்காரர்.

"அத வெளிய சொல்லுவனா?"

சம்மதப் படிவத்தில் 'ஐந்து மில்லி வரை' என்று இருந்தது. கண்ணாடி போட்டு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஊசி இறங்கியது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் சிரிஞ்சையே பார்த்தார்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது கோட்டில் அவள் நிறுத்தினாள். பேச்சு என்றால் பேச்சு. பஞ்சை எடுத்தாள்.

அவர் கையை மடக்கவில்லை.

"விரலப் பிடிச்சப்பவே தெரிஞ்சுது, யாரோ வியாபாரி பெத்த புள்ளைன்னு. கொசுறு கேக்க மட்டும் உங்கப்பன் சொல்லிக் குடுக்கலியாக்கும்?"

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

நான்கு.

ஐந்து.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.