சாவகாசம்

யாரும் கட் சொல்லவில்லை.

கையில் டீ கிளாஸோடு அவர் நின்றுகொண்டிருந்தார். எளிமையான காட்சிதான். வீட்டை விற்றுவிடலாமா என்று மருமகன் கேட்கிறான். மாமனாராக நடிக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

பதில் வரவில்லை.

படப்பிடிப்புக் குழு மொத்தமும் காத்திருந்தது. இயக்குநர் மானிட்டருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். லைட்மேன்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். இந்த மௌனத்துக்காகத்தான் அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள்.

கிளாஸ் மெல்லச் சாய்ந்தது. சூடான டீ வேட்டியில் வழிந்தது.

அவர் அசையவில்லை.

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மேக்கப்மேன் துரைக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. பல வருடங்களாக அந்த முகத்தைத் தொட்டுத் துடைத்தவர். உதட்டின் வலது ஓரம் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தார்.

கேமராவுக்குக் குறுக்கே ஓடினார்.

*

சினிமாவில் அவர் பெயர் சாவகாசம்.

தூத்துக்குடியில் சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். முதல் படத்தில் கோர்ட் சீன். சாட்சிக் கூண்டில் அவர். கொலையைப் பார்த்தீரா என்று வக்கீல் கேட்டதும் வசனம் மறந்துவிட்டது. நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், எந்தக் கொலையை என்று கேட்டார்.

டைரக்டர் திட்டினார். மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லாததால் அப்படியே விட்டார்.

தியேட்டரில் கூரை அதிர்ந்தது.

அதற்குப் பிறகு அதையே தெரிந்து செய்தார். மற்ற நகைச்சுவை நடிகர்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள். அவர் நின்றார். கேள்வி காதில் விழவில்லையோ என்று ஜனங்கள் நினைக்க வேண்டும். பிறகு, காதில் விழுந்துவிட்டது, யோசிக்கிறார் என்று தோன்ற வேண்டும். முன்வரிசையில் யாரோ ஒருவன் பொறுக்க முடியாமல் சிரிக்க வேண்டும். அப்போதுதான் வாயைத் திறப்பார்.

முகத்தில் ஒன்றும் இருக்காது.

கதாநாயகன் பின்னாலிருந்து உதைக்கிற காட்சிகள் வந்த காலத்தில், அடி வாங்க மாட்டேன் என்றார். பணிவாகத்தான் சொன்னார். பெரிய நடிகர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. படங்கள் குறைந்தன. ஏன் இப்படி என்று அவர் மனைவி கோமதி ஒருநாளும் கேட்டதில்லை.

*

பக்கவாதம் வலது கையைப் பாதி விட்டுவைத்தது. பேச்சைக் கொண்டுபோனது.

எல்லாம் புரிந்தது. சொல்ல வேண்டியது உள்ளே இருந்தது. வார்த்தைதான் வாய்க்கு வரவில்லை.

பேச்சுப் பயிற்சிக்குக் கோமதி கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரி லிஃப்டில், எந்த மாடி என்று காவலாளி கேட்டார். அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒலி வரவில்லை.

லிஃப்டே சிரித்தது. நேரிலும் அப்படியே இருக்கிறாரே என்று ஒரு பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

மறுநாள் அவர் லிஃப்டில் ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். கோமதி பின்னாலேயே ஏறினாள்.

பயிற்சி கொடுத்த நிலோஃபர் பெங்களூரில் வளர்ந்தவள். அவர் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. படம் வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். குடை. சீப்பு. பூனை. காத்திருப்பாள். சிரிக்க மாட்டாள்.

அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முதலில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை. அது நல்ல அறிகுறி என்றாள் நிலோஃபர். அடுத்து கோமதியின் பெயர் வந்தது. பிறகு குடை. பிறகு சின்னச் சின்ன வாக்கியங்கள்.

ஒரு மாலை இயக்குநர் வீட்டுக்கு வந்தார். பாதியில் நின்ற படத்தை அவரை வைத்தே முடிக்க வேண்டும் என்றார். பேச்சு தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, ஜனங்கள் நடிப்பு என்றுதான் நினைப்பார்கள் என்றார். அன்போடுதான் சொன்னார்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

இயக்குநர் போன பிறகு, ஏன் என்று கோமதி கேட்டாள். அந்த ஒருமுறைதான் கேட்டாள்.

வெகுநேரம் போராடினார்.

“அது... நான் இல்ல.”

*

பயிற்சி அறையில் காலை வெயில். அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு நிலோஃபர் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் எது. காலையில் என்ன சாப்பிட்டார். சொல்லிவிட்டார். உடனுக்குடன்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்றாள்.

பதில் அப்போதே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முழுசாக, தடங்கல் இல்லாமல்.

அவர் அதை வெளியே விடவில்லை.

நிலோஃபர் காத்திருந்தாள். முகத்தில் மெல்லக் கவலை வந்தது. முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கலாமா என்று அவள் முன்னால் சாய்ந்தாள். அவர் நிதானமாகத் திரும்பினார். பக்கத்து நாற்காலியில் இருந்த கோமதியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மறுபடி நிலோஃபர் பக்கம் திரும்பினார்.

இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்தார்.

“ஆயிருச்சு போல.”

நிலோஃபர் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பயந்துபோய், மன்னிக்கச் சொல்லிக் கைகூப்பினாள்.

கோமதி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். கைப்பைக்குள் போனைத் தேடினாள்.

“அந்த டைரக்டர் தம்பிக்கு நானே போன் பண்ணட்டா?”

அவர் உடனே சரி என்று தலையாட்டினார்.