வார் அறுந்த பிறகு

மடுகரையில் கமலவேணியின் நிச்சயத்தன்று கூடத்தில் இருந்தவர்கள்: கமலவேணி, அவள் அப்பா ஆதிமூலம், மாப்பிள்ளை ராசு, அவனைப் பெற்ற ஏகநாதனும் விசாலாட்சியும், வீடியோ எடுத்த கனகராஜ்.

தட்டு மாற்றும்போது, படம் ஆடாமலிருக்கக் கனகராஜ் மார்பில் பூட்டியிருந்த தாங்கியின் வார் அறுந்தது. கேமராவைப் பாயில் இறக்கி வைத்தான்.

பிறகு போட்டுப் பார்த்தால், படம் பாயிலிருந்து எழுந்து கமலவேணியிடம் போனது. அறுந்த வாரோடு கனகராஜும் அதில் நின்றான்.

“எவன்டா எம்பொண்ண எடுத்தவன்? சம்பந்தி பாத்தா மானம் போயிடும்!” என்றார் ஆதிமூலம்.

“எண்ணிப் பாருங்க பெரியவரே, ஆறு பேரும் படத்துலதான் இருக்கோம்” என்றான் கனகராஜ்.

படத்தில் கமலவேணி குனிந்து கும்பிட்டாள்.

“யார் கால்லடி வுழுந்த?”

“அம்மா கால்லப்பா.”

அம்மா வேலம்மாள் போன வருஷமே இறந்துவிட்டாள்.

வேலம்மாள் அழுதுகொண்டே எடுத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். படம் துளியும் ஆடவில்லை.